மேகம் விலகினால் மணியடிக்கும் குழாய்

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, 2.40க்கு பஸ்ஸர் அடித்தது. வானம் திறந்து உறைபனி விழப் போகிறது என்று எச்சரிக்க நான் செய்த கருவியின் பஸ்ஸர். படுக்கப் போகும்போது வானம் முழுக்க மூட்டம். "இன்னைக்கு நல்லா மூடியிருக்கு மாப்ளே, நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மாமாவும் போயிருந்தார். எழுந்து கதவைத் திறந்தால் மேகத்தின் சுவடே இல்லை. நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. மாமாவை எழுப்பி, மோட்டாரைப் போட்டு, ஆறு ஸ்பிரிங்ளரும் சுற்ற ஆரம்பித்தபோது மணி 3.15. பஸ்ஸர் அடித்தபோது புல் மட்டத்தில் 2.9 டிகிரி இருந்தது, அந்த 35 நிமிடத்தில் 0.8க்கு இறங்கியிருந்தது.

விடிந்ததும் பார்த்தோம். பக்கத்து மேட்டில் புல்லெல்லாம் உப்பைத் தூவியது மாதிரி வெள்ளை. எங்கள் உருளைக்கிழங்குச் செடிகள்மேல் கண்ணாடி பூசினாற்போலப் பனிக்கட்டி, அதற்குள்ளே இலை பச்சையாக. ஒன்பது மணிக்குக் கட்டி உருகிச் சொட்டி முடிந்தது. ஒரு இலை கருகவில்லை. இரண்டு குளிர்காலம் இந்தக் கருவியோடு மல்லுக்கட்டியதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. நினைவு மங்குவதற்குள், தவறுகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் ஊட்டிக்குப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர். மாமாவின் 30 சென்ட் சரிவின் அடியில், பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி வழிந்து வந்து அங்கேதான் தேங்கும். நீர்போக (பாசனம் செய்து வளர்க்கும் போகம்) உருளைக்கிழங்கை டிசம்பர் கடைசியில் ஊன்றினால் ஜனவரி மூன்றாம் வாரம் முளை தெரியும், பிப்ரவரியில் இலை விரிந்திருக்கும். உறைபனிக்கு இலக்காவது அந்த இளம் இலைதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிகிற நாட்களில் பனி விழும். மூட்டம் இருந்தால் விழாது. இது மலையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, ராத்திரி மூட்டம் எத்தனை மணிக்குக் கலையும் என்பது.

முதலில் நான் மேலே பார்க்கவே நினைக்கவில்லை. தரையை அளந்தால் போதும் என்று தோன்றியது. டிஎஸ் 18பி20 என்ற வெப்ப உணரி, எஃகு உறைக்குள் அடைத்து வயரோடு வருவது, ஒன்று ₹130. மூன்று வாங்கினேன். ஒன்று புல் மட்டத்தில், ஒன்று நாலடி உயரத்தில் நிழலில், ஒன்று மண்ணுக்குள் 5 செ.மீ. ஆழத்தில். நாலடி உணரிக்கு நிழல் கொடுக்க ஆறு பிளாஸ்டிக் தட்டுகளை நடுவில் துளையிட்டு, நீண்ட போல்ட்டில் இடைவெளி விட்டு அடுக்கினேன். வெயில் படாது, காற்று போய் வரும். ஈஎஸ்பி 8266 என்ற, வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை ஒன்று இவற்றைப் படித்து எஸ்டி கார்டில் எழுதும்.

உணரிகளைச் சரிபார்ப்பதில் ஒரு நாள் வீணானது. கொதிநீரில் முக்கினேன், மூன்றும் 92, 93 என்றே காட்டின. மூன்றும் போலி என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பக்கூடப் பெட்டியில் போட்டுவிட்டேன். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும் என்பது சாயங்காலம்தான் உறைத்தது. இங்கே பருப்பு வேக நேரமாவதும் அதனால்தானே. பிறகு நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி, கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன். 0.4, −0.1, 0.2. அந்த வித்தியாசங்களை நிரலில் கழித்துக்கொண்டேன். மலையில் இருப்பவர்கள் ஐஸிலேயே சரிபார்த்துவிடுங்கள். இன்னொன்று, இந்த உணரி 85 என்றோ −127 என்றோ காட்டினால் அது வெப்பநிலை இல்லை. முன்னது மின்சாரம் வந்த கையோடு அது சொல்லும் தொடக்க எண், பின்னது வயர் விட்டுப்போனதற்கு அடையாளம்.

முதல் வாரத்திலேயே கிடைத்த பாடம்: நாலடியில் 4 டிகிரி இருக்கும்போது புல் மட்டத்தில் −1 இருந்தது. ஐந்து டிகிரி வித்தியாசம். செய்தியில் "குறைந்தபட்சம் 4 டிகிரி" என்று கேட்டுவிட்டுப் படுத்தவர்களுக்குக் காலையில் கருகிய செடி ஏன் காத்திருக்கிறது என்பது அன்று விளங்கியது.

சரி, புல் மட்டத்தில் 1 டிகிரிக்குக் கீழே போனால் பஸ்ஸர் அடிக்கட்டும் என்று வைத்தேன். பத்து நாளில் ஐந்து தடவை அடித்தது. மூன்று தடவை மாமா எழுந்து, ஸ்வெட்டர் மாட்டி, குல்லா போட்டு, டார்ச்சோடு தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடு ஏறிவிட்டது. ஆறாம் தடவைக்கு அவர் எழுந்திருக்கத் தயாராக இல்லை. அவர்மேல் குற்றமில்லை. மறுநாள் கார்டை எடுத்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். மூன்று ராத்திரியும் ஒரே வடிவம்: கோடு கீழே கீழே போய், திடீரென்று திரும்பி, இருபது நிமிடத்தில் மூன்று டிகிரி ஏறியிருக்கிறது. நடு ராத்திரி 2 மணிக்கு, சூரியன் இல்லாமல், காற்றும் வீசாமல்.

அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவிடம் காட்டினேன். "மேகம் வந்திருக்கும்" என்றார், டீயைக் குடித்துக்கொண்டே. அவருக்கு அது சாதாரணம். எனக்கு அப்போதுதான், அளக்க வேண்டியது தரையை இல்லை, மேலே என்று பட்டது. தரை குளிர்வது விளைவு, வானம் திறப்பது காரணம். தரையைப் பார்த்து மணியடித்தால் நமக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். பைப்பைப் பூட்டி மோட்டார் போட அரை மணி நேரமாவது வேண்டும்.

மேகத்தின் சூட்டைத் தரையில் நின்றுகொண்டே அளக்க முடியும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி போதும். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த துப்பாக்கி வீட்டில் கிடந்தது. அதை வானத்தை நோக்கிப் பிடித்தால் "லோ" என்று மட்டும் காட்டியது, உடம்புச் சூட்டுக்கு அப்பால் அதற்குத் தெரியாது. ஏசி மெக்கானிக் நண்பர் ஒருவரிடம் −50 வரை அளக்கிறது இருந்தது, இரண்டு நாள் கடன் வாங்கினேன். துண்டு துண்டாக மேகம் ஓடிய ஒரு சாயங்காலம், மேகத்தைக் குறிவைத்தால் 4 டிகிரி. பக்கத்திலேயே நீலம் தெரிந்த சந்தைக் குறிவைத்தால் −21. கையை ஒரு சாண் நகர்த்தினால் 25 டிகிரி மாறுகிறது. இதை வாசிக்கிறவர்கள் கையில் அப்படி ஒரு துப்பாக்கி கிடைத்தால் இன்றைக்கே மொட்டை மாடியில் செய்து பாருங்கள். நான் சொல்லி வராது, பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

தாழ்ந்த, தடித்த மேகம் என்பது தலைக்கு மேலே கூரை போட்டது மாதிரி. தரை வெளிவிடும் வெப்பக் கதிரை அது வாங்கிக்கொண்டு, தன் சூட்டுக்கு ஏற்பத் தானும் கீழே வெப்பத்தை அனுப்புகிறது. கூரை இல்லையென்றால் தரையின் சூடு மேலே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வருவது குறைவு. கருவி செய்ய இவ்வளவு தெரிந்தால் போதும்.

எம்எல்எக்ஸ் 90614 என்ற அகச்சிவப்பு உணரி சின்னப் பலகையில் ₹850க்கு வந்தது. வீட்டுக்குள் ஈஎஸ்பி, வெளியே கம்பத்தில் உணரி, நடுவில் 8 மீட்டர் நாலு நரம்பு வயர் என்று இணைத்தேன். வானத்தின் வெப்பநிலை 1037.55 டிகிரி என்று வந்தது. அடுத்த வாசிப்பு −18. அதற்கடுத்து மறுபடி 1037.55. உணரி பழுதில்லை, அந்த இணைப்பு முறை சில சாண் தூரத்துக்கு மட்டுமே ஆனது. நீள வயரில் சமிக்ஞை சிதைந்து, எல்லா பிட்டும் ஒன்றாக வந்தால் கணக்கில் கிடைப்பது சரியாக இந்த எண்தான். ஆகவே ஈஎஸ்பியையும் கம்பத்துக்கே மாற்றி, வீட்டிலிருந்து 30 மீட்டர் இரண்டு நரம்பு வயரில் 12 வோல்ட் கொண்டுபோய், அங்கே 5 வோல்ட்டாக இறக்கினேன். பஸ்ஸரோடு இன்னொரு ஈஎஸ்பி படுக்கையறையில், இரண்டும் வைஃபையில் பேசிக்கொள்ளும். 8 மீட்டர் வயருக்குக் கொடுத்த ₹190 போனது.

அடுத்த குழப்பம் பார்வைக் கோணம். நான் வாங்கியது 90 டிகிரி அகலம் பார்க்கும் வகை. விற்பனைப் பக்கத்தில் அது எழுதியே இல்லை, நானும் கேட்கவில்லை. தெளிந்த ராத்திரியில் வெறும் −9 காட்டியது. காரணம், பக்கத்து ஷெட்டின் தகரக் கூரையும் ஒரு யூகலிப்டஸ் மரமும் அதன் பார்வைக்குள் வந்து, எல்லாவற்றுக்குமாகச் சராசரி போட்டிருக்கிறது. உணரியின் பெயர் கடைசியில் பிஏஏ என்று முடிந்தால் 90 டிகிரி, பிசிசி என்று முடிந்தால் 35 டிகிரி. இரண்டாவது வகையைத் தேடி ₹1,600 கொடுத்து வாங்கினேன். அதே ராத்திரி, அதே கம்பம், −23.

இனி மழையும் தூசியும் படாமல் மூட வேண்டும். 4 இஞ்ச் பிவிசி குழாய் ஒரு முழம், அடியில் மூடி, உள்ளே உணரியும் பலகையும். மேல் வாய்க்குக் கண்ணாடி வெட்டி ஒட்டினேன். வானம் 7 டிகிரி என்றது, எந்த ராத்திரியும். கண்ணாடி நம் கண்ணுக்குத்தான் தெளிவு. இந்த வெப்பக் கதிருக்கு அது சுவர், உணரி அளந்தது கண்ணாடியின் சூட்டை. அக்ரிலிக்கும் அதே. பிறகு ஒன்று ஒன்றாகச் சோதிக்க ஒரு வழி பிடித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய கரிபிடித்த வெந்நீர்ப் பாத்திரத்தை உணரி நேரடியாகப் பார்த்தால் 80. குறுக்கே கண்ணாடி வைத்தால் 24. தடிமனான பிளாஸ்டிக் மூடி வைத்தால் 31. புதுச் சட்டை சுற்றி வந்த மெல்லிய பாலிதீன் உறை ஒற்றை மடிப்பு வைத்தால் 73. பாலிதீன் வென்றது. கைக்குத் தாள் போல மொடமொடவென்று சத்தம் போடுகிற உறைகள் வேறு ரகம், அவற்றில் பாதிகூட வரவில்லை. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், அது எதிரே இருப்பதைப் பிரதிபலித்துத் தப்பாகக் காட்டும்.

உறையைக் குழாய் வாயில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, ரப்பர் வளையம் போட்டேன். பத்து நாள் அற்புதமாக வேலை செய்தது. மூட்டம் என்றால் காற்றின் சூட்டை ஒட்டி 3, 4 டிகிரி. தெளிவு என்றால் −20க்குக் கீழே. மாமாவைக் கூப்பிட்டு, இனிமேல் இதை நம்பலாம் என்று சொன்னேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு காலை, பஸ்ஸர் அடிக்கவில்லை, நன்றாக விடிந்துதான் எழுந்தோம். தோட்டம் வெளுத்துக் கிடந்தது. பத்து மணிக்கு இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கி, மதியத்துக்குள் கறுத்துப் போனது. 45 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை விதைக்கிழங்கு ஊன்றிய நிலம். வழக்கமாக 45, 50 மூட்டை எடுப்பார். அந்தத் தடவை 19. என் கருவியை நம்பித்தான் அவர் அன்று நடுவில் எழுந்து பார்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பல நாள் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

கார்டில் இருந்த எண்கள்: இரவு 11 மணிவரை வானம் −22. அப்புறம் மெல்ல ஏறி, 12.30க்கு 0, ஒரு மணிக்கு 1. அதாவது மேகம் மூடிவிட்டது என்று கருவி நினைத்திருக்கிறது. புல் உணரியோ நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மேகம் வந்திருந்தால் புல் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை.

அடுத்த தெளிந்த ராத்திரி நாற்காலி போட்டுக் குழாய் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் பாலிதீன்மேல் முத்து முத்தாகப் பனித்துளி. புல்லைப் போலவே அந்த உறையும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது. அதுவும் தன் சூட்டை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்து, முதல் ஆளாக ஈரத்தைப் பிடிக்கிறது. தண்ணீரும் கண்ணாடி மாதிரியே வெப்பக் கதிருக்குச் சுவர். வானம் எவ்வளவு தெளிவோ, அவ்வளவு சீக்கிரம் உறை நனையும். எந்த ராத்திரிக்காக இதைச் செய்தேனோ, அந்த ராத்திரியில்தான் இது ஏமாற்றும். துணியால் துடைத்தேன், −23க்கு இறங்கியது. இருபது நிமிடத்தில் மறுபடி நனைந்து ஏறியது.

இரண்டாம் குளிர்காலத்துக்கு முந்தைய நாலு மாதமும் இந்த ஒரு பிரச்சினைக்கே போனது. உறையே இல்லாமல் திறந்து வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் தூறலில் பலகையில் பச்சை பூத்தது. சின்ன விசிறி வைத்தேன், ஈரக் காற்றைத்தான் ஊதியது. கடைசியில் சூடாக்குவதுதான் வழி. 47 ஓம், 2 வாட் மின்தடை இரண்டை இணையாக 5 வோல்ட்டில் போட்டால் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் வரும். முதலில் அவற்றை உணரிக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன், அது தப்பு. உணரியின் உலோகத் தலை ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்தால் வாசிப்பு ஆறேழு டிகிரி அலைகிறது. பிறகு ஒரு செம்புக் கம்பி வளையத்தை உறையின் விளிம்புக்கு அடியில் வைத்து, மின்தடைகளை அதில் கட்டினேன். உணரிக்கும் அதற்கும் 3 செ.மீ. இடைவெளி. உறையைக் குழாய் வாயில் மட்டமாகக் கட்டாமல், வாயைச் சாய்வாக அறுத்து 30 டிகிரி சரிவில் கட்டினேன், மழைத்துளி வழிந்துவிடும். இப்போது உறை காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக நிற்கிறது, நனைவதில்லை. அதனால் வானம் இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாகத் தெரிகிறது, −23 இருந்த இடத்தில் −20 சொச்சம். பரவாயில்லை, எனக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

இனி எந்த எல்லையில் மணியடிப்பது? டிசம்பர் முழுக்க எழுதிய கார்டை வைத்துப் பார்த்தேன். தாழ்ந்த மூட்டத்தில் காற்றுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் 3லிருந்து 5 டிகிரி. தெளிந்த ராத்திரியில் 24க்கு மேல். நடுவில் எங்கே கோடு போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜனவரியில் ஒரு ராத்திரி வந்தது. நிலா கோட்டை கட்டியிருந்தது. நிலாவைச் சுற்றிப் பெரிய வெள்ளை வட்டம், வானம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி. கோட்டை கட்டினால் மழை என்பார்கள். "மேல மேகம் இருக்கு, பனி விழாது" என்றார் மாமா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காற்று 5 டிகிரி, குழாய் சொன்ன வானம் −16. வித்தியாசம் 21. காலையில் புல் வெளுத்திருந்தது.

அந்த வட்டம் உண்டாவது மிக உயரத்தில், பனிப்பளிங்குகளால் ஆன மெல்லிய மேகத்தில். கண்ணுக்கு மேகம்தான். ஆனால் அது இருக்கும் உயரத்தில் கடுங்குளிர், அதோடு மெல்லியது, தரையின் சூட்டில் பாதிகூட அதில் நிற்காது. ஒரே வார்த்தையில் மேகம் என்று சொல்லிவிடுகிறோம். ஒன்று கம்பளி, இன்னொன்று கொசுவலை. அந்த ராத்திரிக்குப் பிறகு எல்லையை 18 என்று வைத்தேன்: காற்றைவிட வானம் 18 டிகிரிக்கு மேல் குளிர்ந்து பத்து நிமிடம் அப்படியே நின்று, புல்லும் 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் பஸ்ஸர். வானம் என்ன சொன்னாலும் சரி, புல் 0.5க்குக் கீழே போனாலும் பஸ்ஸர். முதல் வருட இழப்புக்கு அப்புறம், ஒரே உணரியை நம்புகிற எதையும் நான் வைப்பதில்லை.

இதற்கு நடுவே பகலுக்கும் ஒன்று செய்தேன். இது பயிருக்காக இல்லை, என் ஆசைக்கு. 6 வோல்ட், ஒரு வாட் சோலார் தகடு ₹150. அதை ஒரு ஓம் மின்தடையோடு இணைத்துவிட்டால் ஓடும் மின்னோட்டம் வெயிலின் அளவைச் சொல்லும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ் 1115 பலகை அதைப் படிக்கும். தெளிந்த மதியம் 185 மில்லி ஆம்பியர். தாழ்ந்த மூட்டம் வந்தால் 35. ராத்திரி பனியைத் தடுக்காத அந்தப் பால் மேகம் பகலில் வந்தால் 165, வெயிலையும் அது பெரிதாக மறைப்பதில்லை. ஒரு வாசிப்பு மட்டும் என்னைக் குழப்பியது. வெண்மேகத்தின் ஓரம் சூரியனைத் தொட்டபடி நகரும்போது 215 வரை போனது, மேகமே இல்லாத வானத்தைவிடக் கூடுதல். வயர் லூஸ் என்று இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். அது உண்மையான வாசிப்புதான். நேர் வெயிலோடு, பளீரென்ற மேக ஓரம் சிதறடித்த ஒளியும் சேர்ந்து விழுகிறது.

ஆக, பகலில் இதே தடித்த மேகம் தரையைக் குளிர்விக்கிறது: மூட்ட நாளில் மண்ணின் மேல்தோல் 14 டிகிரி, தெளிந்த நாளில் 31. ராத்திரியில் அதே மேகம் காப்பாற்றுகிறது. ஒரு பக்கம் எடுத்து ஒரு பக்கம் கொடுக்கிற இந்தக் கணக்கில் மீதி எந்தப் பக்கம் என்று என் தோட்டத்து எண்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. பூமி முழுமைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 1984இல் ஏவிய செயற்கைக்கோளின் அளவுகளைக் கொண்டு அவரும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட முடிவு: 1985 ஏப்ரலில் உலகச் சராசரியாக, மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்பியதால் சதுர மீட்டருக்கு 44.5 வாட் இழப்பு, தரைச் சூட்டைப் பிடித்து வைத்ததால் 31.3 வாட் வரவு. மீதி 13.2 வாட், குளிர்ச்சியின் பக்கம். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் கூடும் வெப்பத்தைப் போல இது சுமார் நாலு மடங்கு. ஆகவே மேகம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு பெரிதாக மாறும். உலகம் சூடாகும்போது மேகங்களில் வரும் மாற்றம் மொத்தத்தில் அந்தச் சூட்டைக் கூட்டவே செய்யும் என்று 2021இல், ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கை சொன்னது. என் ₹150 தகடும் அந்தச் செயற்கைக்கோளும் கேட்டது ஒரே கேள்வி என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

தோட்டத்துக்கு வருகிறேன். கருவி சரியானாலும் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். இரண்டாம் குளிர்காலத்தின் முதல் மணி ஜனவரி கடைசியில் அடித்தது. முளை விட்டு ஒரு வாரமான செடி. ஸ்பிரிங்ளர் போட்டோம், ஆறரைக்கு வெளிச்சம் வந்ததும் போதும் என்று நிறுத்தினோம். ஓரத்தில் இரண்டு வரிசை கருகியது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடுதான் இலையைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலை இன்னும் குளிரும். அதனால் வெயில் ஏறி, கட்டி தானாக உருகிச் சொட்டும்வரை மோட்டார் ஓட வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன ராத்திரியில் ஒன்பது மணிவரை ஓட்டியது இதனால்தான். சாயங்காலமே வானம் தெளிந்திருந்தால் கருவி தேவையில்லை, மாமா மேலே ஒரு தடவை பார்த்தாலே போதும், பைப்பைப் பூட்டி வைத்துவிடுவோம். மூட்டத்தோடு படுத்து, நடு ராத்திரி திறந்துகொள்ளும் நாட்களுக்குத்தான் இந்தக் குழாய். அப்படிப்பட்டவை இந்தத் தடவை ஏழு. ஏழுக்கும் அடித்தது. தேவையில்லாமல் அடித்தது ஒன்று: பாலிதீன்மேல் பறவை எச்சம் விழுந்ததில் நான் உறையை மாற்றும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காராமல், காற்று புகுந்து வாசிப்பு அலைந்தது.

செலவு மொத்தம் ₹5,540. இதில் உணரிகள்தான் பெரும்பங்கு: அகலப் பார்வை உணரி 850, குறுகியது 1,600, மூன்று டிஎஸ் உணரிகள் 390. இரண்டு ஈஎஸ்பி 560, வயர் இரண்டும் சேர்த்து 730, குழாய், மூடி, தட்டு 340. மற்றவை சில்லறை. முதலிலேயே சரியாக வாங்கியிருந்தால் அகலப் பார்வை உணரி, 8 மீட்டர் வயர், கண்ணாடி, அக்ரிலிக் என்று ₹1,100 மிச்சமாகியிருக்கும். மின்சாரம் பெரிதில்லை, சூடாக்கியையும் சேர்த்து இரண்டு வாட்டுக்குள் அடங்கும். இந்தத் தடவை மகசூல் 46 மூட்டை.

அடுத்த குளிர்காலத்துக்கு மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. பாலிதீன் வெயிலில் மூன்று, நாலு வாரத்தில் பழுத்து நொறுங்குகிறது, நவம்பரிலேயே ஒரே சுருளிலிருந்து எட்டு வட்டம் வெட்டி வைக்கப் போகிறேன். சூடாக்கி இப்போது இரவெல்லாம் எரிகிறது, அது ஒருவேளை அறுந்துபோனால் எனக்குத் தெரியாது. உறையை ஒட்டி ஒரு டிஎஸ் உணரி வைத்து, அது காற்றைவிடச் சூடாக இல்லையென்றால் வேறு சத்தத்தில் பஸ்ஸர் அடிக்க வைக்க வேண்டும். முதல் வருடம் அந்த ₹130 உணரி அங்கே இருந்திருந்தால் 27 மூட்டை தப்பியிருக்கும்.

மேட்டு வயல்காரர் போன வாரம் வந்து குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்குத் தனிக் கருவி வேண்டாம், இரண்டு வயலுக்கும் வானம் ஒன்றுதான். புல் உணரி ஒன்று மட்டும் அவர் வயலில் நட்டு, பஸ்ஸர் ஒன்றை அவர் வீட்டில் மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். வைஃபை அதுவரை எட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்க்க வேண்டும்.